கேம்பர் ட்ரெய்லரின் எலக்ட்ரிக் பிரேக்கும் சில்லு பேரிங்கும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உழவு மெஷின் பெட்டியின் சில்லைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற பாஸ்மார் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வாகனத்தின் பின்னால் இழுத்துப்போய்த் தங்குகிற கேம்பர் ட்ரெய்லரின் ட்ரம்முக்குள் (சில்லோடு சுழலும் பிரேக் உறைக்குள்) இரண்டு வயர் போவதைக் கண்டதும் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். வயரை விட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது பழகிய ட்ரம் பிரேக்தான், பழகிய டேப்பர் பேரிங்தான். பிரேக் சாமான்களில் பாதி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருப்பதால் ஊகத்தில் வாங்கிக் குவிக்க முடியாது என்பதுதான் வித்தியாசம். முதலில் அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைத்தான் சுற்றி வருகின்றன.

எலக்ட்ரிக் பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

ட்ரம்முக்குள் கை என்று சொல்கிற ஒரு நெம்புகோலின் நுனியில் மின்காந்தம் இருக்கும். எல்லோரும் மக்னட் என்றுதான் சொல்வார்கள். இழுக்கும் வாகனத்தில் உள்ள கன்ட்ரோலர் கரன்ட் அனுப்பியதும், சுழலும் ட்ரம்மின் உள்முகத்தோடு மக்னட் ஒட்டிக்கொண்டு அதோடு கொஞ்சம் இழுபடும். அந்த இழுப்பில் கை திரும்பி, ட்ரம்மை உரசி நிறுத்தும் வளைந்த துண்டான ஷூவைத் தள்ளும். அதனால் ஷூவை அழுத்தும் பலம் பெரும்பாலும் சில்லின் சுழற்சியிலிருந்தே வருகிறது, கரன்ட் அதைத் தொடக்கி வைக்கிறது. நின்ற இடத்தில் பிரேக் பலவீனமாகத் தெரிவது இதனால்தான். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

என் வாகனம் 24 வோல்ட் லொறி. இழுக்கலாமா?

நேரடியாக முடியாது. வழக்கமான மக்னட்டும் கன்ட்ரோலரும் 12 வோல்ட்டுக்குச் செய்தவை. கன்டர் மாதிரி லொறிகளும், ஜப்பானிலிருந்து வந்த சில டீசல் ஜீப்புகளும் 24 வோல்ட். அதில் இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஓட்டும் பழக்கம் இங்கே உண்டு. ரேடியோவுக்கு அது எப்படியோ போகட்டும், பிரேக்குக்கு வேண்டாம். ஒரு பற்றரி மட்டும் இறங்கி, பிரேக் வேண்டிய நேரத்தில் காலை வாரிவிடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் தகுந்த கன்வெர்ட்டர் பூட்டுங்கள், அல்லது 12 வோல்ட் பிக்கப்பால் இழுங்கள்.

பிரேக் அறவே பிடிக்கவில்லை. எங்கே தொடங்குவது?

ட்ரம்மைக் கழற்றித் தொடங்க வேண்டாம். பிளக்கில் தொடங்குங்கள். கடற்காற்று அடிக்கிற ஊரில் முதலில் கெட்டுப்போவது பிளக்கின் பின்களும் ஏர்த்தும்தான். பச்சை பூத்த பின்னைச் சுரண்டித் துடைத்து, ஏர்த் வயர் சேஸில் பிடித்திருக்கும் இடத்தைக் கழற்றி, கறளை உரசி எடுத்து, திரும்ப இறுக்குங்கள். பாதிப் பேருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். அமெரிக்க ட்ரெய்லரிலும் ஆஸ்திரேலிய ட்ரெய்லரிலும் நீல வயர் பிரேக்குக்கு, வெள்ளை வயர் ஏர்த்துக்கு என்பது வழக்கம். ஆனால் இடையில் யாராவது வயரிங்கில் கை வைத்திருந்தால் நிறத்தை நம்பாதீர்கள். வாகனத்திலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, ட்ரெய்லர் பக்கம் இந்த இரண்டு பின்னுக்கும் இடையில் ஓம் பாருங்கள். 10 அங்குல, 12 அங்குல பிரேக்கின் மக்னட் ஒன்று ஏறக்குறைய 3.2 ஓம் காட்டும். 7 அங்குலச் சிறிய பிரேக்கில் 3.9 வரை போகும். இரண்டு சில்லு ட்ரெய்லரில் இரண்டு மக்னட்டும் பக்கம்பக்கமாக இணைந்திருப்பதால் பிளக்கில் 1.6 அல்லது அதற்குச் சற்றுக் கூட வரவேண்டும். 3.2 வந்தால் ஒரு பக்கத்து வயர் அறுந்திருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் பொது வயரிலோ ஏர்த்திலோ வெட்டு. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் எங்கோ ஷோர்ட். மலிவு மீட்டரின் வயருக்கே அரை ஓம் வரை இருக்கும். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடு ஒன்று தொட்டு, வருகிற அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய எண்களில் அது பெரிய பிழை.

அடுத்தது வோல்ட். மக்னட் இணைப்பைக் கழற்றிவிட்டு வயரில் 12 வோல்ட் இருக்கிறது என்று திருப்திப்படுவது இங்கே எல்லோரும் செய்வது. அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கிற வயர்கூட லோட் இல்லாதபோது 12 காட்டும். மக்னட் இணைந்தபடியே இருக்க, ஒருவர் கன்ட்ரோலரின் கைப் பொத்தானை முழுதாக அழுத்த, மற்றவர் சில்லுக்குப் பக்கத்தில் அளக்க வேண்டும். பிளக்கில் இருப்பதைவிட அங்கே 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயர் மெல்லியது, அல்லது இடையில் ஒரு மூட்டு கெட்டது. 12 கேஜ், அதாவது 3.3 சதுர மில்லிமீட்டர் வயருக்குக் குறைவாகப் போட வேண்டாம். விளக்கு வயரில் பிரேக்கை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பகலில் பிடிக்கிற மாதிரி இருக்கும், இரவில் விளக்கு எரிந்தால் கைவிடும்.

கரன்டை அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு மக்னட்டுக்கு 3 அம்பியர் சுற்றி, இரண்டுக்கு 6. மூன்றே வந்தால் எந்தப் பக்கம் என்று தேடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் என்றால், ட்ரெய்லரை வாகனத்திலிருந்து பிரித்து, சில்லைத் தூக்கி, நல்ல 12 வோல்ட் பற்றரியிலிருந்து நேரே மக்னட் வயருக்குக் கொடுத்துச் சில்லைச் சுற்றுங்கள். பிடித்தால் குற்றம் கன்ட்ரோலரிலோ வயரிங்கிலோ. பிடிக்காவிட்டால் மட்டும்தான் ட்ரம்மைத் திறக்க வேண்டும்.

பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது. ஏன்?

மற்றப் பக்கம் வேலை செய்யவில்லை. வயர் சரி என்றால் மிச்சம் இருப்பது மூன்று: ஒரு பக்கம் ஷூ அதிகம் தளர்ந்திருக்கிறது, மக்னட் தேய்ந்திருக்கிறது, அல்லது ஷூவின் உரசும் பட்டையான லைனரில் கிறீஸ் பட்டிருக்கிறது. அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம். கிறீஸ் குடித்த லைனரைப் பெற்றோலில் கழுவி, நெருப்பு வைத்து உலர்த்திப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடு ஏறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். லைனரை மாற்றுங்கள். ஒரு பக்கம் கெட்டாலும் இரு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், மக்னட்டுக்கும் அதே விதி. பிறகு அந்தக் கிறீஸ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கிறீஸ் வெளியே வராமல் தடுக்கும் வளையமான ஓயில் சீலை விட்டுவிட்டு லைனரை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

மாரி முழுவதும் நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது பிரேக் சடக்கென்று பிடிக்கிறது. சத்தமும் வருகிறது.

உல்லையில் (அறுகம்குடாவில்) அலைச் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி, ஐப்பசியோடு ஓய்கிறது. அதன் பிறகு வடகீழ்ப் பருவ மழை. அதுவரை ஓடிய ட்ரெய்லர் மாதக்கணக்கில் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் நிற்கும். ட்ரம்மின் உள்முகத்தில் கறள் படியும், மக்னட் உரசும் முகத்திலும் படியும். லேசான கறள் என்றால் மெதுவாக ஓடி, பல தடவை பிரேக் தொட்டாலே உரசிப் போய்விடும். அடுக்கடுக்காக உரிகிற கறள் என்றால் ட்ரம்மைக் கழற்றி லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். 10 அங்குல ட்ரம் 10.09 அங்குலம் வரை, 12 அங்குல ட்ரம் 12.09 வரை கடையலாம் என்பது பொதுவான எல்லை. அதற்கு மேல் ட்ரம் குப்பைக்கு.

நிறுத்தி வைக்கும்போது கைப்பிரேக்கை இழுத்து விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஷூ ட்ரம்மோடு ஒட்டிக் கறள் பிடிக்கும். சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும்.

பேரிங் போய்விட்டது என்பதை எப்படி அறிவது?

நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். தொடர்ந்து உறுமுகிற சத்தம், வேகத்தோடு ஏறி இறங்கினால் சந்தேகம் சரி. சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தெளிவான ஆட்டம் இருக்கக் கூடாது. ரிம்மின் உள்பக்கம் கிறீஸ் சிதறியிருந்தால் சீல் போய்விட்டது.

எல்லாவற்றிலும் எளிது கையால் தொட்டுப் பார்ப்பது. இருபது கிலோமீட்டர் ஓடி, அதிகம் பிரேக் போடாமல் நிறுத்தி, சில்லின் நடுவில் பேரிங் இருக்கும் பாகமான ஹப் இரண்டையும் தொடுங்கள். முதலில் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், சுட்டுவிடும். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பக்கம் பேரிங் அல்லது உரசிக்கொண்டிருக்கிற ஷூ. எது என்று அறிய, சில்லைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். உரசி நின்றால் ஷூ, கரகரத்துச் சுற்றினால் பேரிங்.

பேரிங் நம்பர் என்ன? இங்கே கிடைக்குமா?

கழற்றிப் பார்த்துப் படியுங்கள். ரேஸ் என்பது உருளைகள் ஓடும் வளையம். உள் ரேஸின் விளிம்பிலும் வெளி ரேஸின் விளிம்பிலும் நம்பர் வெட்டியிருக்கும். அமெரிக்க 3,500 இறாத்தல் அக்சிலில் பெரும்பாலும் வெளிப்பக்கம் எல் 44649, அதன் ரேஸ் எல் 44610. உள்பக்கம் எல் 68149, அதன் ரேஸ் எல் 68111. ஆஸ்திரேலிய ட்ரெய்லர்களில் இரண்டு குடும்பம் உண்டு. ஹோல்டன் வகை என்றால் வெளியே எல்எம் 11949, உள்ளே எல்எம் 67048. போர்ட் வகை என்றால் வெளியே எல்எம் 12749, உள்ளே அதே எல் 68149. இவை எல்லாம் அங்குல அளவு. எங்கள் உழவு மெஷின் பெட்டிக்கு வருகிற 302 வரிசை பேரிங் மில்லிமீட்டர் அளவு. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் உட்காரும். தகடு சுற்றி இறுக்கிப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

நம்பர் கையில் இருந்தால் மட்டக்களப்பு, கல்முனை வாகனச் சாமான் கடைகளில் முதலில் கேளுங்கள். இல்லை என்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை. இந்த நம்பர்களில் சில பழைய கார்களுக்கும் போனவை என்பதால் தேடினால் அகப்படும். மக்னட்டும் ஷூவும் அப்படி அல்ல. அவற்றைத் தருவிக்கும்போதே ஒரு சோடி கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பேரிங் மாற்றும் வேலையை ஒழுங்காகச் சொல்லுங்கள்.

ட்ரெய்லரை வாகனத்தோடு இணைத்தபடியே, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக்கைச் சேஸுக்குக் கீழே கொடுத்துத் தூக்குங்கள். அக்சில் குழாயின் நடுவில் கொடுத்தால் குழாய் வளையும், பிறகு டயர் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டே போகும். மணலில் நிற்கிறீர்கள் என்றால் ஜக்குக்குக் கீழே அகலமான பலகை வேண்டும். தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டக் கூடாது.

மூடியைத் தட்டி எடுத்து, நட்டு கழராமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னை இழுத்து, நட்டைக் கழற்றினால் ட்ரம் ஹப்போடு சேர்ந்து வரும். வெளிப் பேரிங் விழப் பார்க்கும், பெருவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரம் வர மறுத்தால், ட்ரம் தேய்ந்து விளிம்பில் மிஞ்சிய வரம்பில் ஷூ சிக்கியிருக்கிறது. பிரேக் பூட்டியிருக்கும் பின் தகட்டுத் துளை வழியாக, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பல் சில்லான நட்சத்திரச் சில்லைத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். உருளையில் குழி, உரிவு, நீலம் பாய்ந்த நிறம், தண்ணீர் நின்ற கறுப்புக் கோடு, இவற்றில் எது இருந்தாலும் தள்ளுங்கள். கழுவிய பேரிங்கைக் காற்றடித்துச் சுழற்றி விளையாடுவதும் வேண்டாம், உருளை தெறித்து முகத்தில் அடிக்கும். புதிது போடும்போது ஹப்பில் அழுத்தியிருக்கும் ரேஸையும் மாற்றியே ஆகவேண்டும். உருளையும் ரேஸும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை. பழைய ரேஸில் புது உருளை நெடுநாள் நிற்காது. ரேஸைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும், காதுக்கே விளங்கும்.

பிறகு கிறீஸ். உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுபக்கம் உருளைகளுக்கு இடையால் கிறீஸ் வரும் வரை விடாதீர்கள். மேலே பூசிவிட்டுப் பூட்டுவது ஏமாற்று வேலை. உள் பேரிங்கை வைத்து, புது ஓயில் சீலை அதன் ஸ்பிரிங் உள்ளே பார்க்கும்படி, மரக்கட்டை வைத்து மட்டமாகத் தட்டி இறக்குங்கள். பழைய சீலை ஒருபோதும் திரும்பப் போடாதீர்கள். முழு வேலையிலும் மலிவான சாமான் அதுதான்.

நட்டை எவ்வளவு இறுக்குவது?

இங்கேதான் பேரிங் சாகிறது. நல்லா இறுக்கிவிட்டேன் என்று சொல்கிற பாஸ் பேரிங்கை எரிக்கிறார். ட்ரம்மைக் கையால் சுற்றிக்கொண்டே ஏறக்குறைய 68 நியூட்டன் மீட்டர், அதாவது 50 அடி இறாத்தல் வரை இறுக்குங்கள். அது பேரிங்கை உட்கார வைக்க மட்டும். பிறகு ட்ரம்மைச் சுற்றாமல் நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் துளை நேரே வராவிட்டால், அடுத்த துளை வரும் வரை தளர்த்த வேண்டும், இறுக்கக் கூடாது. மயிரிழை ஆட்டம் இருப்பது சரி. புது ஸ்பிளிட் பின்தான் போட வேண்டும், கம்பித்துண்டு சரிவராது.

சில்லு நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையான தூரம், ஏறக்குறைய 40 கிலோமீட்டர், ஓடியதும் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

அக்சில் நுனியில் நிப்பிள் இருக்கிறது. கிறீஸ் கன்னால் அடித்தால் போதாதா?

வேகமாக அடித்தால் கிறீஸ் பின்பக்கச் சீலைத் தள்ளிக்கொண்டு நேரே லைனருக்குப் போகும். மேலே ஒரு பக்கம் இழுக்கிறது என்ற கேள்விக்கு உண்மையான காரணம் பல நேரம் இந்தக் கன்தான். அடிப்பதென்றால் சில்லைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே மெதுவாக அடியுங்கள். எப்படி அடித்தாலும் வருடத்துக்கு ஒருமுறை அல்லது 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, திறந்து பார்க்கத்தான் வேண்டும். உப்புத் தண்ணீரில் இறங்குகிற ட்ரெய்லருக்கு இன்னும் முன்னதாக.

கிறீஸ் லித்தியம் காம்ப்ளெக்ஸ், 2 ஆம் இலக்கம், சில்லு பேரிங்குக்கு என்று போட்டது. வேறு வகையோடு கலக்க வேண்டாம். சில கிறீஸ்கள் கலந்தால் தண்ணியாகி ஓடிவிடும். பழையது என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுதும் கழுவி எடுத்துவிட்டுப் புதிதை நிரப்புங்கள்.

பின் தகட்டோடு முழுச் செட்டையும் மாற்றலாமா?

கறள் தின்ற பிரேக்குக்கு அதுதான் நல்லது. ஸ்பிரிங், கை, மக்னட், ஷூ எல்லாம் பூட்டியே வரும். 10 அங்குலத்துக்கு வழக்கமாக 4 போல்ட், 12 அங்குலத்துக்கு 5. மக்னட் வயர் இரண்டுக்கும் பிளஸ் மைனஸ் கிடையாது, ஒன்று பிரேக் வயருக்கு, மற்றது ஏர்த்துக்கு. மூட்டை ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். டேப் சுற்றிய மூட்டு எங்கள் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது.

கவனிக்க வேண்டியது இடது, வலது. செட் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்தது. லைனர் குட்டையான ஷூ ட்ரெய்லரின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினாலும் போல்ட் சரியாக உட்காரும், வயர் சரியாக வரும், மீட்டரில் எல்லாம் சரி. பிரேக் மட்டும் பாதிகூடப் பிடிக்காது.

பூட்டியபின் அட்ஜஸ்ட் செய்வது எப்படி?

தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகை என்று எழுதியிருந்தால் ஒழிய, கையால்தான். சில்லைத் தூக்கி, முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே, சில்லு கனமாக உரசும் வரை நட்சத்திரச் சில்லைத் திருப்புங்கள். பிறகு ஏறக்குறைய 10 பல் பின்னால் விடுங்கள். லேசான உரசல் மிச்சம் இருக்கலாம். புது ஷூ முதல் 300 கிலோமீட்டரில் படிந்துவிடும், அப்போது ஒருமுறை, பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

கன்ட்ரோலரை வெறுமையான, காய்ந்த, மட்டமான வீதியில் செட் பண்ணுங்கள். முப்பது நாற்பது வேகத்தில் கைப் பொத்தானை அழுத்த, சில்லு சுழலாமல் இறுகி இழுபட்டால் குறையுங்கள், ஒன்றும் தெரியாவிட்டால் கூட்டுங்கள். சில்லு இறுகுவதற்குச் சற்று முன் நிற்கிற இடம் சரியானது. தண்ணீர்த் தாங்கி நிரம்பிய பாரத்தில் செய்த செட்டிங் வெறும் ட்ரெய்லருக்குப் பொருந்தாது.

தாம்போதியில் ஹப் மூழ்கியது. என்ன செய்ய?

கடந்ததும் மெதுவாக ஓடி, பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு உலர்த்துங்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் ஹப்பைத் திறங்கள். ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிறீஸ் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கழுவி, புது சீலோடு திரும்ப நிரப்புங்கள். வெள்ள நீரில் வருகிற வண்டல் மண் மக்னட்டையும் ட்ரம் முகத்தையும் கீறும், அதையும் துடைத்துவிடுங்கள்.

படகு ட்ரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக் பூட்டலாமா?

வாவியிலோ கடலிலோ இறக்குவதற்கு என்றால் வேண்டாம். தள்ளுவிசையில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தம்.

உல்லையிலிருந்து எல்ல போகிறேன். பிரேக் தாங்குமா?

ஏற்றம் பிரச்சினை இல்லை. திரும்பி வெல்லவாயவுக்கு இறங்கும் இறக்கம்தான். ட்ரம் பிரேக் தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடி தளரும். மேலேயிருந்தே சின்னக் கியரில் இறங்கி, இடையிடையே அழுத்தி விட்டு ஆறவிடுங்கள். எரிந்த மணம் வந்தால் ஓரம் கட்டுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும்.

கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் சுவிட்சை எப்படிச் சோதிப்பது?

ட்ரெய்லரில் உள்ள சின்னப் பற்றரியோடு அது இணைந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு இது கட்டாயம். வாகனப் பிளக்கைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் பின்னை இழுத்து, தூக்கிய சில்லைச் சுற்றிப் பாருங்கள். பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் முதலில் அந்தப் பற்றரியை அளந்து பாருங்கள், மாதக்கணக்கில் நின்ற ட்ரெய்லரில் அது செத்திருக்கும். சோதித்ததும் பின்னை உடனே திரும்பக் குத்துங்கள். இதைக் கைப்பிரேக்காகப் பாவித்து இரவு முழுக்க விட்டால் பற்றரியும் இறங்கும், மக்னட்டும் சூடாகிக் கெடும். பின்னின் கயிற்றைச் சங்கிலியில் கட்டாமல், வாகனத்தின் சேஸில் தனியாகக் கட்டுங்கள்.

தூரப் பயணத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு ஹப்புக்கு வேண்டிய இரண்டு பேரிங்கும் ரேஸும், இரண்டு சீல், சில ஸ்பிளிட் பின், ஒரு டப்பா கிறீஸ், மல்டிமீட்டர், நட்டுக்குப் பொருந்தும் சாவி, பழைய துணி. வசதி இருந்தால் ரேஸ் ஏற்கெனவே அழுத்திய, கிறீஸ் நிரப்பிய முழு ஹப் ஒன்றையே பையில் சுற்றி வையுங்கள். சியம்பலாண்டுவைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் வழியில் நின்றால், ரேஸ் தட்டிக்கொண்டிருக்காமல் ஹப்பை மாற்றிப் பூட்டிவிட்டு ஓடலாம்.